கோடு விழுந்த கல்யாண டிஸ்க்: தேய்க்கும் முன் காப்பி எடுங்க

கொங்கு நாட்டு வீடுகளில் பழைய பீரோவைத் திறந்தால் ஆல்பத்தோடு ஒட்டுக்கா நாலைந்து டிஸ்க் கிடைக்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம், உடுக்கையடித்துப் பாடிய அண்ணமார் கதை என்று எல்லாம் அதில் இருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் முதலில் விசிடியாகவும் பிறகு டிவிடியாகவும் போட்டுக் கொடுத்தவை. உறை கிழிந்து, ஒன்றோடொன்று உரசி, ஓடும்போது இணைச்சீர்ச் சடங்கு வருகிற இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

உடனே பேஸ்ட் போட்டுத் தேய்க்கத்தான் எல்லாருக்கும் கை போகும். தேய்ப்பது கடைசி வேலை. டிஸ்க் முழுவதும் ஒரே ஒரு தடவை படிக்கப்பட்டு கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் நம் காரியம் முடிந்தது. டிஸ்க் மறுபடி புதுசு மாதிரி மின்ன வேண்டியதில்லை. ஒவ்வொரு தேய்ப்பும் பிளாஸ்டிக்கில் கொஞ்சத்தை எடுத்துவிடும், எடுத்தது திரும்பி வராது. அதனால் பார்ப்பது, கழுவுவது, காப்பி எடுத்துப் பார்ப்பது, அதிலும் வராவிட்டால் தேய்ப்பது என்ற வரிசையை மாற்றாதீங்க.

எங்கே கோடு விழுந்தால் எவ்வளவு கெடுதல் என்பது டிஸ்க்கின் கட்டமைப்பைப் புரிந்துகொண்டால் தானே விளங்கும். சிடி 1.2 மி.மீ. தடிமனுள்ள பாலிகார்பனேட் தட்டு. பதிவு இருப்பது நாம் பார்க்கிற மின்னும் பக்கத்தில் இல்லை. அந்தத் தடிமனைத் தாண்டி மேலே, லேபிளுக்கு நேர் அடியில் இருக்கிறது. அதற்கு மேல் மெல்லிய உலோகப் பூச்சு, அதற்கு மேல் ஒரு வார்னிஷ் பூச்சு, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஆகவே சிடிக்கு அடிப்பக்கக் கீறலைவிட லேபிள் பக்கக் கீறல்தான் எமன். டிவிடி அப்படியல்ல. 0.6 மி.மீ. தட்டுகள் இரண்டை ஒட்டிச் செய்தது, பதிவு நடுவில் இருக்கிறது. லேபிள் பக்கம் கொஞ்சம் உரசினாலும் தாங்கும்.

லேசர் கதிர் அடிப்பக்கம் நுழையும்போது சிடியில் ஏறக்குறைய 0.7 மி.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கும், பதிவைத் தொடும்போதுதான் ஊசிமுனையாகக் குவியும். மயிரிழைக் கோடு அந்த அகலத்தில் ஒரு சின்ன நிழல் மட்டுமே. டிஸ்க்கில் நூற்றுக்கணக்கில் மெல்லிய கோடுகள் இருந்தும் ஒழுங்காக ஓடுவது இதனால்தான்.

அடுத்தது கோட்டின் திசை. பதிவு நடுவிலிருந்து வெளியே சுருளாகப் போகிறது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக விழுந்த கோடு, ஒவ்வொரு சுற்றிலும் தன் அகலத்தளவு மட்டும் குறுக்கே வரும். சுருளின் போக்கிலேயே வளைந்து விழுந்த கோடு ஒரே இடத்தில் நீளமாகப் பதிவை மறைத்துவிடும். சிடியின் பிழைதிருத்தம் தடத்தின் வழியே சுமார் 2.5 மி.மீ. நீள இழப்பை முழுசாக ஈடுகட்டும், டிவிடியில் சுமார் 6 மி.மீ. வரை. அதைத் தாண்டினால் படம் உடையும். துடைப்பது, தேய்ப்பது எதுவானாலும் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வட்டமாகத் துடைத்தால் நாமே மோசமான திசையில் கோடு போடுகிறோம்.

இப்போது டிஸ்க்கை எடுத்துப் பாருங்க. லேபிள் பக்கம் முகத்தைப் பார்க்க, பின்னால் ஒரு எல்இடி பல்பு. ஊசித்துளை மாதிரி வெளிச்சம் வந்தால் அங்கே உலோகப் பூச்சு போய்விட்டது. எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது, சுற்றியுள்ளதை மீட்கலாம். பிறகு அடிப்பக்கம் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்க. நகம் தடுக்காவிட்டால் கைப் பாலிஷே போதும். தடுத்தால் வாட்டர் பேப்பர் அல்லது கடை மெஷின்.

எந்த இடத்தில் தடை வருகிறது என்பதும் ஒரு துப்பு. ஓட்டம் உள்ளேயிருந்து வெளியே போவதால், கடைசிப் பத்து நிமிடம் மட்டும் நின்றால் குறை விளிம்புப் பக்கம். டிஸ்க்கையே பிளேயர் ஏற்கவில்லை என்றால் உள்வட்டத்தில், அதாவது மையத்திலிருந்து 23, 24 மி.மீ. சுற்றில் பாருங்க. டிஸ்க்கின் அட்டவணை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் வேறொரு நல்ல டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிடணும். லென்ஸில் தூசி படிந்த பிளேயருக்கு எல்லா டிஸ்க்கும் கெட்ட டிஸ்க்தான். நடுத்துளையிலிருந்து விரிசல் ஓடியிருந்தால் கம்ப்யூட்டர் டிரைவில் போடவே போடாதீங்க. 52 எக்ஸ் வேகத்தில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை போகும், டிஸ்க் டிரைவுக்குள்ளேயே சிதறிவிடும்.

கழுவுவதற்கு வருவோம். முதலில் ரப்பர் பல்பால் தூசியை ஊதிவிடுங்க. தூசியோடு துடைத்தால் அந்த மணலே கோடு போடும். அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு. விரல் நுனியால் நடுவிலிருந்து வெளியே. ஊறப் போடக் கூடாது, ஒரு நிமிடத்தில் வேலை முடியணும். அலசும் தண்ணீர்தான் நம் பக்கம் பெரிய பிரச்சினை. பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கம் போர்த் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, அதைத் துடைக்கப் போய்ப் புதுக் கோடு விழும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரோ பயன்படுத்துங்க. ஒரு டிஸ்க்குக்கு ஒரு டம்ளர் தாராளம்.

துணி திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழகிய வெள்ளைக் காட்டன் பனியன் துணி மாதிரி நல்லது இல்லை. ஆனால் பட்டறைகளில் எண்ணெய் துடைக்க வைத்திருக்கிற பனியன் வேஸ்ட் மூட்டையிலிருந்து எடுக்காதீங்க. அதில் தையல் முடிச்சும், ரப்பரில் அடித்த பிரிண்ட்டும், இரும்புத் துகளும் இருக்கும். துணியை டிஸ்க்கின் மேல் ஒற்றி எடுங்க, தேய்க்க வேண்டாம். எண்ணெய்க் கறை, கைரேகை போகாவிட்டால் செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில சொட்டு துணியில் விட்டுத் துடைக்கலாம். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் பக்கத்திலேயே வரக் கூடாது, பாலிகார்பனேட் உடனே வெளுத்து நுண்விரிசல் விட்டுவிடும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது. லேபிள் ஸ்டிக்கர் உரிந்து தொங்கினாலும் இழுக்காதீங்க. சிடியாக இருந்தால் பதிவுப் பூச்சும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

கழுவியதிலேயே பாதி டிஸ்க்குகள் ஓட ஆரம்பித்துவிடும் என்பது என் கணிப்பு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அடுத்தது காப்பி.

விண்டோஸில் ஃபைலை இழுத்துப் போடுகிற முறை இதற்கு உதவாது. படிக்க முடியாத ஒரே ஒரு செக்டர், அதாவது பதிவின் ஒரு சின்னத் துண்டு, வந்தாலும் அது மொத்தக் காப்பியையும் நிறுத்தி, அதுவரை எடுத்ததையும் தூக்கிப் போட்டுவிடும். படத்துக்கு ஒரு செக்டர் என்பது பெரிய விஷயமே இல்லை. விசிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டர். பத்து செக்டர் போனாலும் அரை நொடி அளவுக்குக் கட்டம் தெரியும், அவ்வளவுதான். ஆகவே கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் மீதியை எடுக்கிற மென்பொருள் வேண்டும்.

விசிடிக்கும் டிவிடிக்கும் வழி வேறு. விசிடியின் படத்தடம் மோடு 2 ஃபார்ம் 2 என்ற வகை. சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கு ஒதுக்குகிற இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். செக்டருக்கு 2048 பைட்டுக்குப் பதில் 2324 பைட். இதனால் ஒரு சிடியில் 74 நிமிடப் படம் அடங்கியது, கோடு தாங்கும் சக்தி குறைந்தது. இந்தத் தடத்தை ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் எடுங்க. எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் இருக்கிற டேட் ஃபைல்தான் படம். படிக்க முடியாத செக்டர் வந்தால் வெற்றாக நிரப்பி மேலே போகச் சொல்லி அமைத்துக்கொள்ளுங்க.

டிவிடிக்கு, லினக்ஸ் தெரிந்தவர் வீட்டில் யாராவது இருந்தால், ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள்தான் முதல் தேர்வு. செக்டர் அளவை 2048 என்று கொடுக்கணும், இல்லாவிட்டால் அது 512 என்று எடுத்துக்கொள்ளும். முதல் ஓட்டத்தில் மறுமுயற்சி இல்லாமல், சுலபமாக வருவதை மட்டும் அள்ளிக்கொள்ள விடுங்க. இரண்டாவது ஓட்டத்தில் விட்டுப்போன இடங்களை மட்டும் மூன்று தடவை முயலச் சொல்லுங்க. எது வந்தது, எது வரவில்லை என்று அது ஒரு மேப் ஃபைலில் குறித்துவைக்கும். அந்த ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் டிஸ்க்கை எடுத்துத் துடைத்து மறுபடி போடலாம், வேறொரு டிரைவில் போடலாம், தேய்த்துவிட்டுப் போடலாம். விட்ட இடத்திலிருந்து தொடரும். டிரைவை மாற்றிப் பார்ப்பது லேசான யோசனை மாதிரி தெரியும். ஆனால் ஒரு லேப்டாப் டிரைவ் திணறுகிற இடத்தைப் பழைய டெஸ்க்டாப் ரைட்டர் அலட்டிக்கொள்ளாமல் படிப்பது சாதாரணம். தேய்ப்பதற்கு முன் குறைந்தது இரண்டு டிரைவாவது பாருங்க.

பாட்டு சிடிக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள், செக்யூர் மோடில். சந்தேகமான இடத்தை அது திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும், நேரம் எடுக்கும்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் மறந்துவிடுகிற வழி ஒன்று உண்டு. கல்யாண டிஸ்க் ஒன்றுதான் போட்டிருப்பார்கள் என்று யார் சொன்னது? பொண்ணு வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, சில சமயம் மாமன் வீட்டுக்கும் பங்காளி வீட்டுக்கும் ஒன்று போயிருக்கும். அதை வாங்கி வாங்க. அதுவும் கோடு விழுந்துதான் இருக்கும், ஆனால் அதே இடத்தில் விழுந்திருக்காது. இரண்டு டிவிடியும் ஒரே மாஸ்டரிலிருந்து எழுதியதாக இருந்தால் ஃபைல் அளவுகள் பைட் வரை ஒன்றாக இருக்கும். அப்படி இருந்தால் டிடிரெஸ்க்யூவில் அதே மேப் ஃபைலை வைத்துக்கொண்டு இரண்டாவது டிஸ்க்கைப் போட்டால், முதல் டிஸ்க்கில் விட்டுப்போன ஓட்டைகளை மட்டும் இதிலிருந்து எடுத்து நிரப்பும். இரண்டு ஓடாத டிஸ்க்கிலிருந்து ஒரு முழுப் படம். விசிடியில் நேரத்தை ஒப்பிட்டு, கெட்ட பகுதியை வெட்டி மற்றதிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். எந்தப் பாலிஷையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். ஸ்டுடியோக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்க. "ஏனுங்ணா, எங்க கல்யாணத்து மினிடிவி கேசட் இருக்குங்களா?" கேமராவில் போட்டுப் படம் பிடித்த அந்தக் கேசட் அவரிடம் கிடந்தால் விசிடியைவிடப் பல மடங்கு தெளிவான மூலம் அது.

இவ்வளவும் பார்த்து இன்னும் ஓட்டை மிச்சமிருந்தால் கோட்டை நிரப்புங்க. கார் வாக்ஸோ வாசலினோ துளியூண்டு எடுத்து, கோட்டின் மேல் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, மேலே இருப்பதை நடுவிலிருந்து வெளியே முழுசாகத் துடைத்துவிடணும். பள்ளத்துக்குள் நிற்பது மட்டும் போதும். பள்ளத்தில் காற்று இருந்தால் கதிர் அங்கே சிதறுகிறது. பிளாஸ்டிக்கின் ஒளிவிலகலுக்குக் கிட்ட இருக்கிற மெழுகு நிரம்பினால் கதிர் பெரும்பாலும் நேராகப் போய்விடும். இது நிரந்தரமில்லை. உடனே காப்பி எடுத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்க. அதிகமாகப் பூசினால் சுற்றுகிற வேகத்தில் லென்ஸ் மேல் தெறிக்கும்.

அதிலும் வராததற்குத்தான் தேய்ப்பு. டூத் பேஸ்ட் பற்றிக் கேட்பார்கள். வெள்ளைப் பேஸ்ட் மங்கலை எடுக்கும், ஆழக் கோட்டுக்கு உதவாது. ஜெல்லில் பயனில்லை. பல்பொடி, சாம்பல், சபீனா எதுவும் கூடாது, துகள் பெரிசு. பெயிண்ட் கடையில் காருக்கு விற்கிற ரப்பிங் காம்பவுண்ட் சின்ன டப்பா வாங்கினால் டஜன் டிஸ்க்குக்கு மேல் வரும்.

கிரானைட் மேடையிலோ கண்ணாடி மேலோ காட்டன் துணியை நான்காக மடித்து விரித்து, லேபிள் பக்கம் கீழே இருக்கும்படி டிஸ்க்கை வையுங்க. கையில் பிடித்துத் தேய்த்தால் டிஸ்க் வளைந்து லேபிள் பக்கப் பூச்சு விரிசல் விடும். கால் டீஸ்பூன் காம்பவுண்ட், ஈரமான பனியன் துணியில். உள்வட்டத்திலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில், ஒரு பகுதிக்குப் பதினைந்து இழுப்பு. டிஸ்க்கைக் கொஞ்சம் திருப்பி அடுத்த பகுதி. கோடு இருக்கிற இடத்தை மட்டும் குறிவைத்துத் தேய்த்தால் அங்கே குழி விழுந்து அதுவே ஒரு லென்ஸாகிவிடும், லேசரின் குவியம் தவறும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் அகலமாகப் பரப்பித் தேயுங்க. முழுச் சுற்றும் முடிந்ததும் கழுவி, டிரைவில் போட்டுப் பாருங்க. கோடு கண்ணுக்குத் தெரிந்தாலும் விளிம்புகள் மழுங்கியிருந்தால் படித்துவிடும். படித்துவிட்டால் அதோடு நிறுத்திவிடணும்.

நகம் தடுக்கிற கோட்டுக்கு வாட்டர் பேப்பர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு மாதிரி வண்டிப் பெயிண்ட் வேலை நடக்கிற ஊர்களில் எல்லா நம்பரும் கிடைக்கும். ஆனால் நம்பரைச் சொல்லிக் கேளுங்க. வெறுமனே வாட்டர் பேப்பர் என்றால் பாடி வேலைக்கு ஓடுகிற 220, 320 நம்பரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் நாலு இழுப்பு போதும், டிஸ்க் முடிந்தது. நமக்கு வேண்டியது 2000. கோடு மிக ஆழம் என்றால் மட்டும் 1500-இல் ஆரம்பிக்கலாம். தாளைப் பத்து நிமிடம் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ரப்பர் அழிப்பானில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே, அழுத்தாமல் இழுங்க. 1500 போட்ட தடம் முழுசாகப் போகும் வரை 2000, அது போகும் வரை 3000, பிறகு காம்பவுண்ட். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் டிஸ்க், கை, மேடை எல்லாம் கழுவணும். முந்தின தாளின் ஒரு துகள் தங்கினாலும் கடைசிவரை கோடு போட்டுக்கொண்டே இருக்கும். டிஸ்க் முழுவதும் பால் மாதிரி வெளுக்கும், பயப்பட வேண்டாம், காம்பவுண்டில் தெளியும். இது ஒரு மணி நேர வேலை.

ஆடிக்காற்று வீசுகிற மாதங்களில் இதைத் திண்ணையில் உட்கார்ந்து செய்யாதீங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் மண் பறக்கும். ஈர டிஸ்க்கின் மேல் அது வந்து உட்காரும். சன்னலைச் சாத்திய அறைதான் சரி.

கோவையில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆசை வரும். தெருவுக்கு ஒரு பஃபிங் பட்டறை, பம்ப் பாகத்தைக் கண்ணாடியாக்கிக் கொடுக்கிறார்கள், டிஸ்க்கையும் ஒரு பிடி பிடித்தால் என்ன? வேண்டாமுங்க. அந்த வீல் நிமிடத்துக்கு 1440 அல்லது 2880 சுற்று, இரும்புக்கும் பித்தளைக்கும் ஆனது. பாலிகார்பனேட் 147 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். அந்த வேகத்தில் உரசுகிற இடம் சில நொடிகளில் அந்தச் சூட்டைத் தொடும், பரப்பு இழுபட்டு மங்கிப்போகும், தட்டும் வளையும். வீட்டு டிரில் மெஷினில் ஸ்பாஞ்சு மாட்டித் தேய்ப்பதும் இதே கதைதான்.

டிஸ்க்குக்கென்றே செய்த மெஷின் வேறு. டிஸ்க்கை மெதுவாகச் சுற்றவிட்டு, அதன் மேல் மென்பட்டை திரவத்தோடு சுற்றும். நல்ல வகையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், சூடேறாது. பரப்பு முழுவதும் சமமாக எடுப்பதால் குழி விழாது. ஆழமான கோட்டுக்குக் கையைவிட இதுவே மேல். முன்பு டிஸ்க் வாடகைக் கடைகளில் இருந்தது. இப்போது பழைய கேம் டிஸ்க் வாங்கி விற்கிற கடைகளிலும், பழைய கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தருகிற ஸ்டுடியோக்களிலும் விசாரித்துப் பார்க்கணும்.

கடையில் மூன்று கேள்வி கேளுங்க. பட்டையை எப்போது மாற்றினீங்க? தேய்ந்து துகள் ஏறிய பட்டை வட்டக் கோடு போடும், அதுதான் மோசமான திசை என்று மேலே பார்த்தோம். தண்ணீர் ஓடுமா, வெறும் திரவமா? வெறும் திரவம் என்றால் ஒரே மூச்சில் நீளமாக ஓட்டாமல் நடுநடுவே ஆறவிடச் சொல்லுங்க. தேய்த்தபின் இங்கேயே படித்துக் காட்டுவீங்களா? கையோடு லேப்டாப்பும் டிரைவும் கொண்டுபோனால் இன்னும் நல்லது. வேண்டாத ஒரு பழைய சிடியை முதலில் கொடுத்துப் பார்த்து, அது தெளிவாக வந்தால் கல்யாண டிஸ்க்கை எடுங்க. கேம் டிஸ்க்கில் முழுவட்டமாக ஒரு வளையம் விழுந்திருக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போது கேம் பெட்டியை அசைத்ததால் வருவது. திசையும் ஆழமும் இரண்டும் கெட்ட கோடு அது, மெஷினிலேயே பல தடவை போட வேண்டியிருக்கும்.

தேய்ப்பால் ஆகாதவையும் உண்டு. ஸ்டுடியோ டிஸ்க் அச்சடித்ததல்ல, சாயத்தில் எழுதியது. அடிப்பக்கம் பச்சை, நீலம், ஊதா சாயல் தெரியும். வெயில் பட்டு அந்தச் சாயம் வெளுத்திருந்தால் கோடே இல்லாமலும் ஓடாது. அதற்கு மெதுவான வேகமும் வேறு வேறு டிரைவும்தான் வழி. புளூ-ரேயில் அடிப்பக்கம் பதிவை மூடியிருப்பது 0.1 மி.மீ. அடுக்கு மட்டும். வெளிப்பூச்சு கெட்டியானதால் சுலபமாகக் கோடு விழாது, விழுந்தால் தேய்க்க இடமில்லை.

காப்பி வந்ததும் விஎல்சி பிளேயரில் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்க. விசிடியின் டேட் ஃபைல் அப்படியே ஓடும். டிவிடியை ஐஎஸ்ஓவாகவே, அதாவது டிஸ்க் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைலாகவே வைத்திருங்க, அளவைக் குறைக்க மாற்றுவதெல்லாம் வேறு ஒரு பிரதியில் செய்துகொள்ளலாம். வாட்ஸப்பில் அனுப்பியதைக் காப்பி என்று நினைத்து மூலத்தை அழித்துவிடாதீங்க. ஒரு ஹார்டு டிஸ்க் உங்களிடம், ஒன்று டிஸ்க் கொடுத்து உதவிய பங்காளி வீட்டில். மேப் ஃபைலையும் பழைய டிஸ்க்கையும் தூக்கிப் போட வேண்டாம். டிஸ்க்கைத் தனி உறையில், பாச்சை உருண்டை இல்லாத தட்டில், நிமிர்த்தி வையுங்க. நாளைக்கு மூன்றாவது ஒரு பிரதி கிடைத்தால் மிச்ச ஓட்டையையும் அடைக்கலாம்.